கைகாட்டியாரின் அளவுகோல்

ரயிலில் போகிறவர்கள் ஒரு வகை. ரயிலைத் தவறவிடுகிறவர்கள் இன்னொரு வகை. ரயில்வே கேட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு, இது எப்போதுதான் போய்த் தொலையுமோ என்று சலித்துக்கொள்கிறவர்கள் மூன்றாவது வகை. மூன்றையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்றிலும் நீங்களே இருந்திருப்பீர்கள். நான் இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்தப்போவது நான்காவது வகையை. இவர் ரயிலில் ஏறுவதில்லை. யாரையும் வழியனுப்ப வருவதில்லை, வரவேற்கவும் வருவதில்லை. ஊருக்கு வெளியே, தண்டவாளம் வளைகிற இடத்தில், முள்செடிகளுக்கு நடுவே, கழுத்தில் காமிராவும் கையில் விரித்த குடையுமாக உச்சி வெயிலில் நின்றுகொண்டிருப்பார். குடை அவருக்கு அல்ல, காமிராவுக்கு.

அப்படி என்னதான் எடுக்கிறார்? சரக்கு வண்டி. ஆமாம், 'கூட்ஸ்தானே' என்று நாம் அலட்சியமாக முகத்தைத் திருப்பிக்கொள்கிறோமே, அதே வண்டி. நிலக்கரியும் சிமெண்டும் உர மூட்டையும் ஏற்றிக்கொண்டு, உலகத்தில் அவசரம் என்று ஒன்று இருப்பதே தெரியாமல், கடைசிப் பெட்டியில் ஒரு கார்டு பச்சைக் கொடியை மடியில் போட்டுக்கொண்டு கொட்டாவி விட, ஊர்ந்து போகுமே, அதற்காகத்தான் இவர் காலை ஏழு மணியிலிருந்து நிற்கிறார். "நாப்பது பெட்டியும் ஒரே மாதிரிதானே இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். "ஒரே மாதிரியா? பதினேழாவது பெட்டியோட கதவுத் தாழ்ப்பாளப் பாத்தீங்களா?" என்பார். நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். அதோடு அவர் மதிப்பில் உங்கள் கதை முடிந்தது. எக்ஸ்பிரஸ் வண்டியா? அந்தப் பேச்சே எடுக்காதீர்கள். "எக்ஸ்பிரஸ எவன் வேணா எடுப்பான். அதுக்கு டயம்டேபிள் இருக்கு. டயம்டேபிளப் பாத்து எடுக்கறது ஒரு படமா?"

வீட்டார் இழுத்துக்கொண்டு வருகிற நாளில், பிளாட்பாரக் கூட்டத்தில் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். வண்டி ஒன்றரை மணி நேரம் தாமதம் என்று அறிவிப்பு வரும். எல்லோரும் தலையில் கைவைத்துக்கொண்டு உட்காருவார்கள், குழந்தைகள் அழும், யாரோ ஒருவர் அரசாங்கத்தைத் திட்டத் தொடங்குவார். ஒரே ஒரு முகம் மட்டும் வெளிச்சம் போட்டதுபோல மலரும். "கூட்ஸுக்கு வழி விட்டிருக்காங்க!" என்று பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ லாட்டரி விழுந்த குரலில் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் அவருடைய மைத்துனராக இருப்பார். அவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விடுவார்.

சரக்கு வண்டியோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. இந்த இனத்தில் முற்றிப்போனவர்களுக்கு வண்டிகூட வேண்டாம், கைகாட்டி போதும். கைகாட்டி தெரியுமல்லவா? வண்ண விளக்குகள் வருவதற்கு முன்னால், ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், உயரமான இரும்புத் தூணின் உச்சியில் ஒரு சிவப்புப் பலகைக் கை நீட்டிக்கொண்டிருக்கும். கை நீட்டியிருந்தால் வண்டி வரக்கூடாது, இறங்கியிருந்தால் வரலாம். அவ்வளவுதான் அதன் அறிவு. அந்த ஒற்றைக் கை இறங்குகிற ஒரு நொடிக்காக, வீடு வாசல், பெண்டு பிள்ளை, அலுவலகத்தில் மீதமிருக்கும் விடுப்பு எல்லாவற்றையும் பணயம் வைக்கத் தயாராக ஒரு கூட்டம் இருந்தது என்றால் நம்புவீர்களா?

இருந்தது. அந்தக் கூட்டத்தின் தலைசிறந்த மாதிரி ஒருவரை நான் அறிவேன். காப்பீட்டு அலுவலகத்தில் கோப்புப் பிரிவில் வேலை. அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் கைகாட்டியார். கேலியாக வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டு, விடுப்பு விண்ணப்பத்தில் மட்டும்தான் சொந்தப் பெயரை எழுதினார்.

அவர் மனைவியைப் பற்றிச் சொல்லாமல் கைகாட்டியாரைப் பற்றிச் சொல்ல முடியாது. அவளுக்குத் துணிக்கடையில் வேலை. மீட்டர் கோலை வைத்து நாள் முழுவதும் துணி அளந்து வெட்டிக் கொடுக்கிறவள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அளந்ததில் ஒரு அங்குலம் கூடக் குறைய வெட்டினாள் என்று ஒரு வாடிக்கையாளரும் வாய் திறந்ததில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லமாட்டேன், நீங்களே வைத்துக்கொள்வீர்கள்.

அவள் பட்ட பாட்டை எங்கிருந்து தொடங்குவது? பிலிம் சுருளிலிருந்தே தொடங்கலாம். அந்தக் காலத்தில் ஒரு சுருளுக்கு முப்பத்தாறு படம். அதில் கடைசி மூன்றை எடுக்காமல் வைத்திருப்பது இந்த இனத்தின் வேதம். ஏன்? வழியில் திடீரென்று ஒரு கூட்ஸ் வந்துவிட்டால்? மனைவியின் தம்பி கல்யாணத்தில் முப்பத்து மூன்று படம் எடுத்தார் கைகாட்டியார். மீதி மூன்று எண்ணெய்த் தொட்டி வண்டிக்காகக் காத்திருந்தது. எண்ணெய்த் தொட்டி வண்டியோ அந்த வருஷம் வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தது. தம்பி வாரம் ஒரு முறை வீட்டுக்கு வந்து, "மச்சான், படம்..." என்று இழுப்பான். "இன்னும் ஒண்ணே ஒண்ணு வரட்டும்டா" என்பார். கல்யாணப் படங்கள் கையில் கிடைத்தபோது தம்பியின் குழந்தை அவற்றைக் கிழிக்கும் வயதுக்கு வந்திருந்தது.

சரி, அதிலாவது தம்பி மாட்டிக்கொண்டான். தானே மாட்டிக்கொண்டது எப்படி என்று அவளைக் கேட்டால் பெருமூச்சு விடுவாள். கல்யாணமான புதிதில் கைகாட்டியார் தனியாகத்தான் படம் எடுக்கப் போவார். தனியாக ஒரு ஆள் தண்டவாளத்தின் ஓரத்தில் நின்று சிக்னலைப் படம் எடுத்தால் போலீஸ் சும்மா விடுமா? இரண்டு தடவை பிடித்துக்கொண்டு போய் உட்காரவைத்தார்கள். எந்த நாட்டுக்கு வேலை செய்கிறாய் என்று கேட்டார்கள். காப்பீட்டுக்கு என்றார், அடி விழாமல் தப்பியதே பெரிய விஷயம். மூன்றாவது தடவை ஒரு தலைமைக் காவலர்தான் இரக்கப்பட்டு வழி சொன்னார். "சார், தனியா நின்னா உளவாளி. பொண்டாட்டியோட நின்னா வெறும் பைத்தியம். பைத்தியத்தப் பிடிக்க எங்களுக்கு அதிகாரமில்ல."

மறு ஞாயிற்றுக்கிழமை, "வெளிய போயிட்டு வரலாமா?" என்று கைகாட்டியார் கேட்டபோது அவள் பூரித்துப்போனாள். எங்கே என்று கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். புதுச் செருப்பு போட்டுக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு, சரளைக்கல்லில் இரண்டு மைல் நடந்து, ஒரு இரும்புத் தூணின் அடியில் போய் நின்றாள். கணவர் ஐம்பது கஜம் தள்ளிப் போய்க் காமிராவைக் கண்ணில் வைத்தார். தன்னைத்தான் எடுக்கப்போகிறார் என்று அவள் சிரித்தாள். திடீரென்று காமிராவை இறக்கிவிட்டு, அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"ஆமா, உன் உயரம் எவ்வளவு?"

நீங்களே சொல்லுங்கள். புதிதாகக் கல்யாணமானவள். கணவன் முதல் முதலாக வெளியே அழைத்து வந்து, ஆசையாக உயரம் கேட்கிறான். அடுத்தபடி கண்ணைப் பற்றி ஏதாவது சொல்வான், கூந்தலைப் பற்றி ஏதாவது சொல்வான் என்று எந்தப் பெண்ணுக்குத்தான் தோன்றாது? இவளோ பிறந்த வீட்டில் 'குள்ளி' என்றே பெயர் வாங்கியவள். அக்காள்மார் மூன்று பேரும் நெட்டையாக வளர்ந்து பரணில் இருக்கும் பெட்டியைக் கையாலேயே எடுப்பார்கள். இவளுக்கு முக்காலி வேண்டும். அந்தக் கணத்தில் உண்மை தொண்டை வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

"அஞ்சடி மூணு" என்றாள்.

கண்ணைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார், 5-3 என்று எழுதிக்கொண்டார், "தூணோட ஒட்டி நில்லு" என்றார்.

விஷயம் பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. கைகாட்டியாருக்கு ஒவ்வொரு தூணின் உயரமும் தெரிந்தாகவேண்டும். ஏறி அளக்க ரயில்வே விடாது. ஆகவே பக்கத்தில் உயரம் தெரிந்த ஒரு பொருளை நிறுத்திப் படமெடுத்து, படத்தில் பொருள் எத்தனை மில்லிமீட்டர், தூண் எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துக் கணக்குப் போடுவார். அந்தப் பொருள்தான் அவர் மனைவி. பதிவேட்டில் ஒவ்வொரு கைகாட்டிக்கும் ஒரு பக்கம்: இடம், நாள், தூணின் உயரம், கையின் நீளம், விளக்கின் நிறம், கடைசி வரியில் 'அளவுகோல்: மனைவி, 5-3'.

அதிலும் அவர் துல்லியத்தைக் கேளுங்கள். "செருப்பக் கழட்டு, அளவு கெட்டுடும்" என்பார். கொதிக்கிற சரளைக்கல்லில் வெறுங்காலோடு நிற்பாள். "கொண்டையக் கொஞ்சம் கீழ போடு, அரை அங்குலம் இடிக்குது" என்பார். போடுவாள். மேகம் விலகவேண்டும், கை இறங்கவேண்டும், கூட்ஸ் வரவேண்டும், அதுவரை அசையக்கூடாது. அரை அங்குலக் கொண்டைக்குப் பதறுகிற மனுஷன் மூன்று அங்குலப் பொய்யைத் தினமும் சட்டைப் பையில் சுமந்துகொண்டு அலைகிறாரே என்று அங்கே நின்றபடியே நினைத்துக்கொள்வாள். துணிக்கடையில் மீட்டர் கோலைத் தொடும்போதெல்லாம் கை கூசும்.

சொல்லியிருக்கலாம். முதல் வருஷம் பத்துத் தூண்கள்தான் ஆகியிருந்தன, அப்போதே சொல்லியிருக்கலாம். ஐம்பது ஆனபோது வெட்கமாக இருந்தது. நூறு ஆனபோது பயமாக இருந்தது. மகளுக்குப் பதினான்கு வயதாகும்போது பள்ளிக்கூடத்தில் உயரம் அளந்து ஒரு அட்டை கொடுத்தார்கள். மகள் ஓடிவந்து அம்மாவோடு தோளோடு தோள் நின்று பார்த்துவிட்டு, "அம்மா, நாம ரெண்டு பேரும் ஒரே உயரம்! எனக்கு அஞ்சடி!" என்று கத்தினாள். கைகாட்டியார் பக்கத்து அறையில் நெகட்டிவ்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். "உங்க ஸ்கூல் டேப் தேஞ்சு போயிருக்கும், வாய மூடு" என்று மகளை இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அன்றிலிருந்து ரகசியத்துக்குப் பங்காளி ஒருத்தி சேர்ந்தாள்.

இப்படியே இருபத்தாறு வருஷம், இருநூற்றுப் பன்னிரண்டு கைகாட்டிகள். அதற்குள் ரயில்வே விழித்துக்கொண்டு எல்லா இடத்திலும் வண்ண விளக்குகளைப் போட்டுவிட்டது. தூண்களை வெட்டி எடுத்துப் பழைய இரும்பாக உருக்கிவிட்டார்கள். ஒன்றுகூட மிச்சமில்லை. ரயில்வே அலுவலகத்தில் அவற்றின் வரைபடங்களைக் கரையான் தின்றுவிட்டது. அந்த வட்டாரத்தில் எந்தக் கைகாட்டி எவ்வளவு உயரம் இருந்தது என்று உலகத்துக்குச் சொல்ல இருந்தது ஒரே ஒரு பதிவேடு. அந்தப் பதிவேடு நின்றது ஒரே ஒரு பெண்ணின் வாய்ச்சொல்லில்.

ஒரு நாள் மாலை கைகாட்டியார் வீட்டுக்குள் நுழையும்போதே நடை மாறியிருந்தது. ரயில் அன்பர்கள் சங்கம் பதிவேட்டைப் புத்தகமாகப் போடப்போகிறதாம். நூலக மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டமாம். "என் வாழ்க்கைக்கு ஒரு அர்த்தம் கிடைச்சிருச்சு" என்றார். கண் கலங்கியிருந்தது. அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. "சந்தோஷங்க" என்று மட்டும்தான் வாயில் வந்தது.

கூட்டத்துக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். அதில் பன்னிரண்டு பேர் கீழே பத்திரிகை படிக்க வந்து, மாடியில் மின்விசிறி ஓடுகிறது என்று ஏறி வந்தவர்கள். மனைவி மூன்றாவது வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்தாள். சங்கத் தலைவர் பேசினார், இன்னும் பேசினார், பிறகு முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவரைக் காட்டி, "இவர் கைகாட்டி விளக்குக்காரரா இருந்து ஓய்வு பெற்றவர். கைகாட்டியோடவே வாழ்ந்தவர். நம்ம பதிவேட்டப் பாத்துட்டு ரெண்டு வார்த்தை சொல்லணும்" என்றார். விளக்குக்காரர் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு, எச்சில் தொடாமல் மரியாதையாக ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஒரு பக்கத்தில் கை நின்றது.

"தெக்குப் பக்கத்துக் கைகாட்டி இருபத்தொரு அடின்னு போட்டிருக்கு."

"ஆமா. துல்லியமா இருபத்தொண்ணு" என்றார் கைகாட்டியார்.

"இல்லீங்களே. பதினாறு வருஷம் தினம் ஏணியில ஏறி அதோட விளக்குக்கு எண்ணெய் ஊத்தினவன் நான். படிக்குப் படி ஒரு அடி. உச்சி வரைக்கும் இருபது படிதான்."

"ஒரு படிய எண்ணாம விட்டிருப்பீங்க."

"ஒரு படிய விட்டிருந்தா நான் அன்னிக்கே கீழ விழுந்து, இன்னிக்கு இங்க வந்திருக்கமாட்டேனே சார்."

சபை சிரித்தது. கைகாட்டியார் சிரிக்கவில்லை. விளக்குக்காரர் நல்ல மனிதர். யாரையும் மட்டம் தட்டுவது அவர் நோக்கமல்ல. ஆனால் காலால் எண்ணிய கணக்கை அவரால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. "யார்டுல இருந்துச்சே பெரிசு, அதுக்கு நாப்பது படி. ஏறி முடிக்கிறதுக்குள்ள மூச்சு வாங்கும். அதுக்கு என்ன போட்டிருக்கீங்க?" என்றார். தலைவர் பக்கத்தைத் தேடிப் பிடித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தயங்கித் தயங்கிப் படித்தார். "நாப்பத்திரெண்டு."

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "அப்ப... அச்சுக்கு அனுப்பறதக் கொஞ்சம் நிறுத்திவைக்கலாம்னு நினைக்கிறேன். தூணு இருந்தாலாவது போய் அளக்கலாம். அதுவும் இல்ல. தப்பான புத்தகம் போட்டா சங்கத்துக்குக் கெட்ட பேரு."

கைகாட்டியார் முகம் இருண்டுவிட்டது. இருபத்தாறு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு நொடியில் கரியாகிக்கொண்டிருந்தன. எழுந்து நின்றார். "என் முறை தப்பாகாது. என் அளவுகோல் தப்பவே தப்பாது. அதோ, அங்கதான் உக்காந்திருக்கு. அஞ்சடி மூணு. யாரு வேணாலும் அளந்து பாத்துக்கலாம்!"

முப்பது தலைகளும் மூன்றாவது வரிசைக்குத் திரும்பின. சங்கத்தின் செயலாளர் தச்சு வேலை செய்கிறவர். அவர் பையில் இரும்பு டேப் இல்லாத நாள் கிடையாது. இதற்காகவே காத்திருந்ததுபோல எழுந்தார். மகள் அம்மாவின் கையை இறுகப் பிடித்தாள். என்ன செய்வாள் பாவம்? எழுந்து சுவர் ஓரமாகப் போனாள். கணவர் தலையை நிமிர்த்திக்கொண்டு, வழக்கில் ஜெயிக்கப்போகிறவர்போல நின்றார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த நம்பிக்கையைத்தான் தாங்க முடியவில்லை.

சுவரில் முதுகைச் சாய்த்தாள். செருப்பை அவளே கழற்றினாள், பழக்க தோஷம். கொண்டையையும் கீழே இறக்கினாள். பிறகு, யாருக்கும் தெரியாமல், குதிகாலை மெல்லத் தூக்கினாள். ஒரு அங்குலம் தூக்கினாள். இரண்டு அங்குலம் தூக்கினாள். கெண்டைக்கால் நடுங்கியது. மூன்றாவது அங்குலத்துக்கு ஐம்பது வயசு இடம் கொடுக்கவில்லை.

"குதிகால் தரையில படட்டும்மா" என்றார் தச்சர், பரிவாக.

பட்டது. அத்தோடு அழுகையும் வந்துவிட்டது. "டேப் வேணாம்ணா. நான் அஞ்சடிதான். அன்னிக்கு ஏதோ வாயில வந்தது, அஞ்சடி மூணுன்னு சொல்லிட்டேன். அப்புறம் சொல்ல தைரியம் வரல. தப்பெல்லாம் என்னோடது. அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

இருந்தாலும் தச்சர் அளந்தார்; தச்சர் அல்லவா. அஞ்சடி. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

எல்லோரும் கைகாட்டியாரைப் பார்த்தார்கள். இடிந்து உட்காருவார் என்று சிலர் நாற்காலியை நகர்த்தி வைத்தார்கள். கத்துவார் என்று சிலர் தயாரானார்கள். அவரோ பதிவேட்டை வாங்கித் திறந்து வைத்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். "எல்லாத்துலயும் அஞ்சடி மூணுதானே போட்டிருக்கேன்? ஒண்ணுலகூட மாத்திப் போடலையே?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். சரசரவென்று பத்துப் பக்கம் புரட்டினார். முகத்தில், கூட்ஸுக்கு வழி விட்டிருக்கிறார்கள் என்று கேட்டதுபோல ஒரு வெளிச்சம் பரவியது.

"அப்ப எல்லாமே தப்பு!" என்று கூவினார். "இருநூத்திப் பன்னெண்டும் தப்பு! ஒரே சீரா தப்பு! ஒவ்வொண்ணுலயும் இருபத்தொண்ணுல ஒரு பங்கு கழிச்சாப் போதும், இருபத்தொண்ணு இருபதாகுது, நாப்பத்திரெண்டு நாப்பதாகுது, அய்யா சொன்ன படிக்கணக்கோட அச்சா உக்காருது! இத விட ஒரு நிரூபணம் வேணுமா?"

ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டார். மனைவியை அல்ல, விளக்குக்காரரை.

சபை கைதட்டியது. அச்சுக்கு அனுப்புவதாகத் தலைவர் அங்கேயே அறிவித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றவளிடம் கைகாட்டியார் கடைசியாகத்தான் வந்தார். முகத்தில் ஒரு சின்னக் கவலை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"ஏம்மா, நம்ம கல்யாணத்தப்பவும் அஞ்சடிதானே? நடுவுல குறையலையே? ஏன்னா வருஷாவருஷம் குறைஞ்சிருந்தா தனித்தனியாக் கழிக்கணும்."

"குறையறதுக்கு நான் என்ன மெழுகுவத்தியா?" என்று சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

பிற்பகலில் சாப்பாட்டு மேஜையில் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு திருத்த உட்கார்ந்தார் கைகாட்டியார். பழைய எண்ணை யாராவது படிக்கவேண்டும், அவர் புது எண்ணை எழுதவேண்டும். எதிரே உட்கார்ந்து அவள்தான் படித்தாள். வேறு யார் இருக்கிறார்கள்? ஒன்பது பக்கம் வரைக்கும் எண்ணைத் தவிர வேறு பேச்சில்லை. பத்தாவது பக்கத்தைப் படித்து முடித்ததும் நிறுத்திவிட்டாள்.

"இருபத்தாறு வருஷமா வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருந்தேன். உங்களுக்கு ஒரு கோபம்கூட வரலியா?"

"கோபமா? எதுக்கு?" என்றார் நிஜமான ஆச்சரியத்தோடு. பிறகு, "ஆமா, அப்ப எதுக்கு மூணு அங்குலம் கூட்டிச் சொன்னே?" என்று கேட்டார்.

"புதுசாக் கட்டிக்கிட்டவ. புருஷன் உயரம் கேட்டா ஆசையாக் கேக்குறாருன்னுதானே நினைப்பா? கொஞ்சம் உயரமா இருந்தா உங்களுக்குப் பிடிக்கும்னு நினைச்சேன்."

பென்சில் நின்றது. கைகாட்டியார் அவளை நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு மேலே தூணும் இல்லை, கையும் இல்லை. பார்ப்பதற்கு அவள் ஒருத்திதான் இருந்தாள். "ஆசையாத்தான் கேட்டேன்" என்றார்.

"யார் மேல ஆசை? கைகாட்டி மேலயா, என் மேலயா?"

இந்த இடத்தில் உலகத்தில் எந்தக் கணவனும் யோசிக்கமாட்டான். சட்டென்று ஒரு பொய்யைச் சொல்லித் தப்பித்துக்கொள்வான். கைகாட்டியார் யோசித்தார். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

"ரெண்டு மேலயும்தான்" என்றார்.

"பாதிப் பாதியா?"

மறுபடியும் யோசித்தார். "கைகாட்டி மேல இருபத்தொண்ணுல ஒரு பங்கு கூட இருக்கும்."

பதிவேட்டைத் தூக்கி எறிந்திருக்கவேண்டும். சிரிப்புதான் வந்தது. கண்ணில் நீர் வர, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாழ்நாளில் ஒரு கணக்கிலும் பொய் எழுதத் தெரியாத மனுஷன், தன் ஆசைக்கும் கணக்குச் சொல்லிவிட்டான். கைகாட்டிக்கு இருபத்தொரு பங்கு என்றால், இருபது பங்கு கலப்படமில்லாமல் தனக்குத்தான் என்று அவளுக்குப் புரிந்தது. அந்த இருபது பங்கு கிடைக்காத பெண்கள் எத்தனையோ பேர் அவளுடைய கடைக்குத் துணி வாங்க வருகிறார்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பதினொண்ணாவது, முப்பத்தொண்ணரை அடி" என்று படித்தாள். "முப்பது" என்று எழுதினார் அவர்.

நீங்களும் சிரித்திருப்பீர்கள். இப்படியும் ஒரு மனிதனா, நல்லவேளை நாம் இந்த இனமில்லை என்று காலை நீட்டிக்கொண்டிருப்பீர்கள். உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. முப்பத்தொன்றரையில் இருபத்தொன்றில் ஒரு பங்கைக் கழித்தால் சரியாக முப்பதுதான் வருகிறதா என்று, இப்போது ஒரு நொடி படிப்பதை நிறுத்திவிட்டு, மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? பார்த்தீர்கள் என்றால், வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் இதைக் காட்டாமல் புத்தகத்தை மூடிவிடுங்கள் என்று சொல்லலாம்தான். பிரயோஜனமில்லை. நீங்களும் இந்த இனம்தான் என்று அவருக்கு எப்போதோ தெரியும்.